மூக்கைப் பார்த்து நிறுத்தினேன்

1

போன ஆவணியில் சுரண்டையில் ஒரு கல்யாணம். திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டை மலைப்பாதை வழியாகப் பஸ்ஸில் வந்து இறங்கி, கசங்கின புடவையை மாற்றக்கூட நேரமில்லாமல் பந்தியில் உட்கார்ந்தேன். எதிர் வரிசையில் பூவம்மாள் மயினி. என் வீட்டுக்காரருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மனைவி. அவள் பக்கத்தில் இருந்த ஒரு புதுப்பெண்ணிடம் என்னைக் கண்ணால் காட்டி, எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னாள்.

“இவாதான் கோமதி. புருசனோட கூடப்பிறந்த அண்ணனையே கதவைச் சாத்தி மழையில நிக்க வச்ச மகராசி. மலையாளத்துக்குக் குடிபோனா மனுசங்களே வேண்டாம்னு ஆயிரும் போல.”

சாம்பார் ஊற்ற வந்தவர் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றுவிட்டார். நான் தலையைக் குனியவில்லை.

“ஆமா மயினி, நிக்க வச்சேன். இன்னொரு தடவை அப்படி ஆனாலும் நிக்க வைப்பேன். நீங்க சாப்பிடுங்க, சோறு ஆறுது.”

அந்த அண்ணனும் அதே பந்தியில்தான் இருந்தார். நான் பெரியத்தான் என்று கூப்பிடுவேன். அவர் காதிலும் எல்லாம் விழுந்தது. கை கழுவும் இடத்தில் அவரிடம் போய்க் கேட்டேன்: “அத்தான், ஊர்ச் சங்க மலருக்கு எழுதச் சொல்லிக் கேட்டிருக்காங்க. இந்தக் கதையை எழுதிரட்டுமா?” துண்டால் வாயைத் துடைத்துவிட்டுச் சொன்னார்: “எழுது. என்னைய நல்லவனாக்க வேண்டாம். நடந்ததை எழுது.”

மலரில் சிங்கப்பூர்க்காரர் எழுதுகிறார், பம்பாய்க்காரர் எழுதுகிறார். நான் கடல் தாண்டவில்லை, ஒரு மலையைத்தான் தாண்டினேன். அதற்கே பதினேழு வருஷமாக ஊர் வாயில் அரைபடுகிறேன். அரைத்தது போதும். இனி நானே சொல்கிறேன்.

2

கல்யாணமாகித் திருவனந்தபுரம் வந்தபோது எனக்கு இருபது வயது. சாலைக் கடைத்தெருவில் என் வீட்டுக்காரருக்கு ஒரு வெல்லக் கடை. கடைக்குப் பின்னால் இரண்டு சந்து தள்ளி வீடு. முன்னால் மரக்கம்பி அழி போட்ட சின்ன வராந்தா, உள்ளே ஒரு அறை, அடுக்களை, கிணற்றடி. பக்கத்துச் சுவர் சரசம்மாவுடையது. சரசம்மாவுக்குப் புருஷன் மின்சார ஆபீசில் வேலை. அவளுக்குத் தமிழ் பாதி, எனக்கு மலையாளம் கால்வாசி. எப்படியோ பேசிக்கொண்டோம்.

அந்த ஊரில் எனக்குப் பழகாதது ஒன்றுதான், ஈரம். வைகாசி நடுவில், அங்கே இடவப்பாதி என்பார்கள், மழை தொடங்கினால் கொடியில் போட்ட துணி நாலு நாளானாலும் காயாது. தீப்பெட்டி உரசினால் பற்றாது, வெல்லம் கசிந்து ஒழுகும். ஜன்னலை அடைத்துக்கொண்டு எல்லோரும் ஒரே அறைக்குள் முடங்குவார்கள். ஒருவருக்குத் தும்மல் வந்தால் அடுத்த வாரம் வீடு முழுக்க மூக்கை உறிஞ்சும். துலாத்தில், நம் ஐப்பசியில், மறுபடி மழை, மறுபடி சளி.

ஆளுக்கு ஆள் வைத்தியம் வேறு. நாங்கள் தலைக்குத் தண்ணீர் விட்டால் சளி என்று வெள்ளி செவ்வாய் மட்டும் முழுகுகிறவர்கள். சரசம்மா வீட்டில் மூக்கு அடைத்திருந்தாலும் விடிந்ததும் எண்ணெய் தேய்த்துத் தலைமுழுக்கு. குளித்து வந்ததும் உச்சியில் ஒரு பொடி தேய்ப்பாள், ராஸ்னாதிப் பொடி. “நெறுகில இது கொஞ்சம் திருமிக்கோ கோமதியே, ஒரு ஜலதோஷமும் வராது” என்பாள். அவளுக்கும் வந்தது, எனக்கும் வந்தது. முழுகினவளுக்கும் முழுகாதவளுக்கும் அது பேதம் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு ஒரு சந்தேகம். சளி தண்ணீரிலிருந்து வரவில்லை, ஆளிடமிருந்து வருகிறது.

கடைத்தெரு ஆண்களுக்கோ எல்லாவற்றுக்கும் ஊசி. இரண்டு தும்மல் போட்டால் சட்டையை மடக்கிக்கொண்டு கம்பவுண்டர் முன்னால் போய் நிற்பார்கள். ஊசி போட்டவரும் ஒரு வாரம் உறிஞ்சினார், போடாதவரும் ஒரு வாரம் உறிஞ்சினார். இதைச் சொன்னால் “உனக்கென்ன தெரியும்” என்பார் என் வீட்டுக்காரர். எனக்குக் கண் தெரியும் என்பேன்.

என் வீட்டில் சளிக்கு நடப்பது இதுதான், எழுதி வைக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். சளி பிடித்தவர் படுக்க வேண்டும். வேலை பார்த்தே தீருவேன் என்று வீரம் காட்டக் கூடாது. குடிக்கச் சீரகம் போட்டுக் கொதித்த வெந்நீர், பசிக்குக் கஞ்சி, தொண்டைக்கு உப்புத் தண்ணீர் கொப்புளிப்பு. பெரியவர்களுக்குக் கருப்பட்டி போட்ட சுக்குக் காப்பி. அது சளியைத் துரத்தாது, ஆனால் மனதுக்கு இதம். அவரவர் டம்ளர் தனி, துண்டு தனி. மூக்கு சிந்தின துணியை வெந்நீரில் போட வேண்டும். மூக்கைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் அடுக்களைக்குள் வரக் கூடாது. மூச்சு வாங்கினால், காய்ச்சல் விடாமல் நின்றால், கஷாயம் காய்ச்சிக்கொண்டு உட்காராமல் டாக்டரிடம் ஓட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. சளி இருக்கிறவர் கைக்குழந்தை பக்கம் வரக் கூடாது. யாராக இருந்தாலும்.

இந்தக் கடைசி விதியை நான் எங்கே படித்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

3

எனக்குத் தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் போக வீடில்லை. அதனால் என் மூத்தவன் திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் பிறந்தான். மூக்கும் முழியுமாக, தலை நிறைய முடியோடு. ஆண்பிள்ளை என்று தந்தி போனதும் ஊரிலிருந்து ஒரு கூட்டமே பஸ் பிடித்து வந்தது. முன்னால் பெரியத்தான்.

நம் ஊரில் சேனை தொடுவது எப்பேர்ப்பட்ட காரியம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். என் மகள் காலத்துப் பிள்ளைகளுக்காக ஒரு வரி: பிறந்த குழந்தையின் நாக்கில் வீட்டுப் பெரியவர் விரலால் சீனித் தண்ணீர் தொட்டு வைப்பார். யார் தொட்டு வைக்கிறாரோ அவர் குணம் பிள்ளைக்கு ஒட்டும் என்பது நம்பிக்கை. வீட்டுக்கு மூத்தவர் வந்துதான் தொட வேண்டும் என்று காத்திருந்தார்கள். அத்தான் வந்தார். இரவெல்லாம் மலைப்பாதையில் நனைந்த பஸ்ஸில் வந்தவர், மூக்குச் சிவந்து, குரல் கட்டி, தோளில் கிடந்த துண்டால் துடைத்தபடியே குழந்தையை மடியில் வாங்கினார். ஆசையாகத்தான் வாங்கினார். அதை நான் மறுக்கவே மாட்டேன். விரலைச் சீனித் தண்ணீரில் முக்கி அவன் நாக்கில் வைத்தார். கன்னத்தோடு கன்னம் வைத்துக் கொஞ்சினார். பிறகு பிள்ளை கைமாறிக் கைமாறி வீடு முழுக்கப் போய் வந்தான்.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ பிள்ளைக்கு மூக்கு அடைத்தது. கைக்குழந்தைக்கு வாயால் மூச்சு விடத் தெரியாது. பாலில் வாய் வைப்பான், மூச்சு முட்டும், விட்டுவிட்டுக் கத்துவான். மறுபடி வாய் வைப்பான். பசியோடு அழுது அழுது அழக்கூடச் சத்தில்லாமல் போனான். வந்திருந்த பெண்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். உரை மருந்து உரைத்தார்கள், நெஞ்சில் எண்ணெய் தடவினார்கள், திருஷ்டி கழித்தார்கள். ஒரு விடியலில் பார்க்கிறேன், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுகிறது. தூக்கிக்கொண்டு ஓடினோம்.

ஆஸ்பத்திரியில் ஓ.பி. சீட்டுக்கு வரிசை. சீட்டு எழுதுகிறவர் பெயர் கேட்டார், பிள்ளைக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. பெயரில்லாமல் எப்படி எழுதுவது என்றார். என் வீட்டுக்காரர் தமிழில் கெஞ்சினார், அவர் மலையாளத்தில் திட்டினார். உள்ளே ஒரு டாக்டரம்மா குழந்தையைப் பார்த்த மாத்திரத்தில் நர்ஸிடம் ஏதோ கத்திவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

“வீட்டில ஆர்க்காணு ஜலதோஷம்?”

யாருக்குச் சளி என்று கேட்கிறார். எனக்குப் புரிந்தது, எல்லோருக்கும் புரிந்தது. எங்கள் கூட்டம் அத்தனை பேரும் நடையில் நின்றோம். யாரும் வாயைத் திறக்கவில்லை. அத்தான் துண்டை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார். “இத்தனை சின்னக் குழந்தையை ஜலதோஷம் உள்ளவர் எடுக்கலாமா? உங்களுக்கு ஒரு மூக்கடைப்பு, இவனுக்கு உயிர்” என்று டாக்டரம்மா பாதித் தமிழில் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

அன்றே மத்தியானம் பிள்ளை போய்விட்டான்.

பிறப்பைப் பதியவும் இறப்பைப் பதியவும் நகரசபையில் ஒரே ஜன்னல்தான். என் வீட்டுக்காரர் இரண்டையும் ஒன்றாகக் கொண்டு போனார். “முதலில் பிறப்பைப் பதிந்து சான்று வாங்கும், அதன்பிறகு மரணத்துக்கு வாரும்” என்று திருப்பி அனுப்பினார்களாம். செத்த பிள்ளை பிறந்ததாகச் சான்று வாங்க இவர் அந்த ஜன்னலில் நாலு தடவை போய் நின்றார். மலையாளத்தில் எழுதிக் கொடு என்றார்கள். வெல்லத்துக்கு விலை சொல்ல மட்டும் மலையாளம் படித்தவர் அவர். சரசம்மாதான் எழுதிக் கொடுத்தாள், எழுதிக்கொண்டே அழுதாள்.

ஊர்க்காரர்கள் என்னிடம் என்ன சொன்னார்கள் தெரியுமா? “விதி. மலையாளத்து ஈரம் பிள்ளைக்கு ஆகல.” எல்லாப் பழியும் மழைக்குப் போயிற்று. மழை பாவம், அதற்கு வாயில்லை.

4

மூன்று வருஷம் கழித்து என் மகள் செண்பகம் பிறந்தாள். அதுவும் இடவப்பாதி மழையில். அவள் வயிற்றில் இருக்கும்போதே முடிவு பண்ணிவிட்டேன். இவரிடமும் சொன்னேன். “சரி சரி” என்றார். ஆண்கள் சரி சரி என்றால் நடக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம்.

காலை நேரம். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு வராந்தாவை ஒட்டின அறையில் உட்கார்ந்திருக்கிறேன். சந்து முனையில் ஒரு தும்மல். ஆளைப் பார்க்கும் முன்னால் தும்மலைக் கேட்டேன். பெரியத்தானும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும் குடைக்குள் வருகிறார்கள். அக்கா கையில் கற்கண்டுப் பொட்டலம். அத்தான் துண்டால் மூக்கைத் துடைக்கிறார்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டேன். எழுந்து போய் அழிக்கதவின் கொண்டியைப் போட்டேன்.

“வாங்க அத்தான், வாங்கக்கா. அத்தான், உங்களுக்குச் சளி பிடிச்சிருக்கு. கடை மாடியில கட்டில் இருக்கு, வெந்நி வச்சுக் குடுத்து விடுதேன், சாப்பாடு ரெண்டு நேரமும் வரும். சளி நல்லாப் போனபிறகு வந்து பிள்ளையைப் பாருங்க.”

அவருக்கு முதலில் விளங்கவில்லை. “சேனை தொட வந்திருக்கேன், கதவைத் திற” என்றார்.

“சளியோட வேண்டாம் அத்தான்.”

“ஏட்டி, என்ன பேசுத? ராத்திரி பூரா பஸ்ஸில வந்த மனுசனை வாசல்ல நிறுத்திப் பேசுதியே?” என்றாள் அக்கா. “இது சாதாரண மூக்கடைப்புட்டி. மழைக்கு எல்லாருக்கும் வர்றது.”

“எல்லாருக்கும் வரட்டும். என் பிள்ளைக்கு வர வேண்டாம்.”

அத்தானுக்கு முகம் கறுத்துவிட்டது. குடையை மடக்கினார். மழை அவர் தலையில் நேராக விழுந்தது. “என்னைய எட்ட நிக்கச் சொல்லுதியா? நான் என்ன தீட்டுக்காரனா? எந்தச் சாதிக்காரன் எட்டி நிக்கணும்னு இந்த நாட்டுல சொல்லித் தந்தாங்களோ, அதைப் படிச்சிட்டியா?”

அந்த வார்த்தை என்னைச் சுட்டது. நானும் விடவில்லை. “சாதியைப் பார்த்து யாரையும் நிறுத்தல அத்தான். மூக்கைப் பார்த்து நிறுத்துதேன். நாளைக்கு இந்த நாட்டு ராஜாவே மூக்கை ஒழுக விட்டுட்டு வந்தாலும் இதே கொண்டிதான்.”

சரசம்மா சுவருக்கு அந்தப்பக்கம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். யாரோ கடைக்குச் சொல்லி, இவர் குடையைக்கூட விரிக்காமல் ஓடி வந்தார். அண்ணனைப் பார்த்தார், கொண்டியைப் பார்த்தார்.

“கோமதி, கதவைத் திற.”

“மாட்டேன்.”

“எங்க அண்ணன். என்னை வளர்த்த ஆளு.”

“உங்களை வளர்த்தாரு. என் பிள்ளையை நான் வளர்க்கணும். திறக்கணும்னா நான் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் பின்வாசல் வழியாச் சரசம்மா வீட்டுக்குப் போயிருவேன். காலி வீட்டுல வந்து உட்காருங்க எல்லாரும்.” அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. “அந்த ஜன்னல்ல இன்னொரு தடவை போய் நிக்க உங்களுக்குத் தெம்பு இருக்கா? எனக்கு இல்ல.”

இவர் தன் குடையை விரித்து அண்ணன் தலைக்கு மேல் பிடித்தார். அத்தான் அதைத் தட்டிவிட்டார். “இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு மழையிலேயே நடந்தார். கற்கண்டுப் பொட்டலத்தை அக்கா படியில் வைத்துவிட்டுப் போனாள். அது நனைந்து கரைந்தது.

உள்ளே வந்து தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். வருத்தத்தில் அழுதேன், தப்புச் செய்தோம் என்று அழவில்லை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதித்து ஆறின தண்ணீரில் சீனி போட்டு, என் விரலாலேயே என் மகளுக்குச் சேனை தொட்டேன். பெற்றவளே தொடுகிற வழக்கம் நம்மிடம் கிடையாது. எனக்குத் தெரியும். என் குணம் ஒட்டினால் ஒட்டட்டும் என்றுதான் தொட்டேன்.

5

இவர் என்னோடு பேசவில்லை. சோறு போட்டால் சாப்பிட்டார், கடைக்குப் போனார், வந்தார். தொட்டிலை ஆட்டும்போது மட்டும் பிள்ளையிடம் இரண்டு வார்த்தை.

அந்த வாரமே ஒருநாள் மத்தியானம் அவர் சாப்பாட்டுக்கு வரவில்லை. வெளியே குரல் கேட்டுப் பார்த்தால், அழிக்கு அப்பால், படிக்கும் கீழே, முற்றத்தில் நிற்கிறார். மூக்கைத் துண்டால் பொத்தியிருக்கிறார். அண்ணனை பஸ் ஏற்றிவிடக் கூடப் போனவருக்கு அண்ணன் சளி வராமல் இருக்குமா?

“சோத்தைப் படியில வச்சிட்டு உள்ள போ. நான் எடுத்துக்கிடுதேன். ராத்திரி கடையிலயே படுத்துக்கிடுதேன்.”

நான் வைத்தேன். அவர் தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு திரும்பும்போது கேட்டார்: “பிள்ளை மூக்கு எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு. பால் குடிக்குது.”

“ம்” என்றார். சளி போகும்வரை வெல்ல மூட்டைகளுக்கு நடுவில் படுத்திருந்தார். அதற்குப் பிறகு இந்த விஷயத்தில் என்னைக் குறை சொல்லி அவரிடம் யாரும் பேசிவிட முடியாது.

ஊர் எங்களைத் தள்ளி வைத்தது. தள்ளி வைத்தோம் என்று யாரும் சொல்லவில்லை, அழைப்பு வரவில்லை, அவ்வளவுதான். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் எல்லாம் முடிந்தபிறகு காதில் விழும். அத்தான் வீட்டுக் கல்யாணத்துக்கே இவர் மட்டும் போய், மண்டபத்தில் ஓரமாக உட்கார்ந்து, மொய் எழுதிவிட்டு வந்தார். இவருக்கு அது வலித்தது. எனக்கும்தான். ஆடி அமாவாசைக்கும் பொங்கலுக்கும் எங்களுக்கு யாரும் இல்லை, சரசம்மாவைத் தவிர.

அந்தத் தனிமையில் என் மகள் மலையாளியாக வளர்ந்தாள். பள்ளிக்கூடத்தில் மலையாளம், தோழிகளோடு மலையாளம், கோபம் வந்தால் மலையாளம். தமிழ் என்னிடம் மட்டும், அதுவும் பாதி வழியில் விட்டுவிடுவாள். ஊரில் யாரையும் தெரியாது. அத்தை, மாமா என்று முறை சொன்னால் கணக்குப் பாடம் மாதிரி விழிப்பாள். என் சளிச் சட்டங்களோ அவளுக்குத் தீராத வெட்கம். வீட்டுக்கு வரும் தோழிகளிடம் “உனக்குச் சளியா?” என்றுதான் நான் முதலில் கேட்பேன்.

“அம்மா, எல்லாரும் என்னைக் களியாக்குதாங்க. செண்பகத்தோட வீட்டுக்குப் போனா முதல்ல மூக்கு பரிசோதனைன்னு. ஒன்னு சும்மா இருக்கக்கூடாதா?”

“கேலி பண்ணினா பண்ணட்டும். உன்னைக் கேலி பண்ணுத அளவுக்கு நீ வளர்ந்துட்ட இல்ல, அது போதும்.”

“அதுக்கும் இதுக்கும் எந்தா சம்பந்தம்?”

மூத்தவனைப் பற்றி நான் அவளிடம் சொன்னதே இல்லை. அதனால் அவளுக்குச் சம்பந்தம் தெரியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அந்தத் திருப்பலைப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். சேனை தொட்டது நான்தானே.

6

செண்பகம் ப்ரீடிகிரி, அதாவது நம் ஊர்ப் பிளஸ் டூ, படிக்கும்போது ஒருநாள் இவர் கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றாமலே நின்றார். அண்ணனுக்குக் கண்ணில் புரை. திருவனந்தபுரம் கண்ணாஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து, நாளைக்கு விடுகிறார்கள். உடனே மலைப்பாதையில் பஸ் பயணம் கூடாதாம். கொஞ்ச நாள் பக்கத்தில் இருந்து காட்டிவிட்டுப் போக வேண்டும்.

“எனக்கே நேத்துதான் தெரியும். லாட்ஜில ரூம் போடுதேன்னு சொல்லுதார்.”

“லாட்ஜா? நம்ம வீடு இல்லையா? கூட்டிக்கிட்டு வாங்க” என்றேன்.

மறுநாள் விடிந்து எழுந்தால் எனக்குத் தொண்டை கரகரப்பு. பத்து மணிக்குள் மூக்கு ஒழுக ஆரம்பித்துவிட்டது. சிரிக்கிறீர்களா? நானும் சிரித்திருப்பேன், தும்மல் விட்டால்தானே. சரசம்மாதான் சுவர் வழியாகச் சொன்னாள்: அவள் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் ஆனபோது தும்மக் கூடாது, இருமக் கூடாது, குனியக் கூடாது என்று தலைக்கு இருபக்கமும் மணல்பை வைத்துப் படுக்க வைத்திருந்தார்களாம். ஒரு பெரிய தும்மல் போட்டால் தையல் விட்டுப் போகும், கண் போய்விடும் என்று டாக்டர் பயமுறுத்தியிருந்தாராம்.

யோசித்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டோ வந்துவிட்டது. இவர் ஒரு கையைப் பிடிக்க, அத்தான் மெதுவாக இறங்கினார். ஒரு கண்ணில் கட்டு, நெற்றியில் பச்சைத் துணி மறைப்பு. தலை நரைத்து, ஆள் பாதியாகியிருந்தார். முற்றத்தில் வந்து நின்றார். அழிக்கதவு திறந்துதான் இருந்தது. ஆனாலும் படியில் கால் வைக்கவில்லை.

“நான் இங்கேயே நிக்கேன். அவ சொல்லட்டும்.”

நான் உள்ளேயிருந்து முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கத்தினேன்: “உள்ள வராதீங்க அத்தான்! அங்கேயே நில்லுங்க!”

இவருக்கு முகத்தில் ரத்தமே இல்லை. “ஏட்டி, இப்பவுமா?” என்றார். செண்பகம் “அம்மா!” என்று அலறினாள். அத்தான் ஆட்டோப் பக்கம் திரும்பினார்.

“ஐயோ, போகாதீங்க. சளி எனக்கு அத்தான். இந்தத் தடவை எனக்கு. நீங்க தும்மக் கூடாது. நான் பின்வாசல் வழியாச் சரசம்மா வீட்டுக்குப் போயிருதேன். கட்டிலுக்கு வெளுத்த விரிப்பு போட்டிருக்கு. செண்பகம், கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டுப் பெரியப்பாவைப் பிடி. நான் போனபிறகு உள்ள வாங்க.”

சொன்னபடி போனேன். சரசம்மா வீட்டுப் பின்னறையில் ஒரு பாயும் ஒரு டம்ளருமாக நான் இருந்தேன். என் வீட்டில் என் கட்டிலில் அவர் இருந்தார். சமையல் செண்பகம். உப்பு ஒருநாள் கூட, ஒருநாள் குறைய. அத்தான் குறை சொல்லவில்லை. அவள் சொட்டு மருந்தோடு கிட்டே போனால், “கை கழுவினியா? மூக்கு ஒழுகுதா?” என்று கேட்பாராம். அவள் சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னிடம் புகார் சொன்னாள்: “உங்களை மாதிரி ரெண்டு பேரை எங்கிட்டு வச்சுச் சமாளிக்கிறது?” ஆனால் சாயங்காலங்களில் பெரியப்பாவும் அவளும் பேசுகிற சத்தம் கேட்கும். அவர் முறைகளைச் சொல்லிக்கொடுத்தார். அவள் மலையாளம் கலந்து திருப்பிச் சொன்னாள். ஒருநாள் அந்தப் பேச்சு திடீரென்று நின்றது. அன்று இரவு அவள் சுவரருகில் வந்து நின்று, “அம்மா, எனக்கு ஒரு அண்ணன் இருந்தானா?” என்று கேட்டாள். நான் சொல்லாமல் விட்டதை அத்தான் சொல்லியிருக்கிறார்.

என் சளி விட்டு, தும்மலும் இருமலும் அடங்கி நான் வீட்டுக்குத் திரும்பினபோது அவருக்குக் கட்டு அவிழ்த்திருந்தார்கள். பஸ்ஸில் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவர் கிளம்புகிற அன்று காலையில், வராந்தாவில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். இவர் ஆட்டோ பார்க்கப் போயிருந்தார்.

“கோமதி. அன்னைக்கு ஆஸ்பத்திரியில அந்த டாக்டரம்மா கேட்டா இல்ல, யாருக்குச் சளின்னு.”

“ஆமா அத்தான்.”

“எனக்குத்தான்னு நான் சொல்லியிருக்கணும்.”

பூவம்மாள் மயினி, ஊர்ப் பெரியவர்களே, இந்த இடத்தில் நல்ல மருமகள் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். அதெல்லாம் இல்லை அத்தான், விதி, மழை, என்று ஏதாவது சொல்லித் தேற்றியிருப்பாள். எனக்கு என் மூத்தவன் மூச்சுக்கு முட்டின முட்டல் இன்னும் காதில் கேட்கிறது. என்னால் பொய் சொல்ல முடியாது.

“ஆமா அத்தான். சொல்லியிருக்கணும்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். உதடு கோணியது, தோள் குலுங்கத் தொடங்கியது. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து அதுவரை நான் அவர் கையைத் தொட்டதில்லை.

“அழாதீங்க அத்தான். குலுங்கக் கூடாது, கண்ணுக்கு ஆகாது. டாக்டர் சொல்லியிருக்காருல்லா.”

அவர் மேலே பார்த்துக்கொண்டு, பல்லைக் கடித்து, சின்னப்பிள்ளை மாதிரி அடக்கினார். என் கண்ணில் தையல் ஒன்றும் இல்லை. அவருக்கும் சேர்த்து நான் அழுதேன்.